வறண்ட ஊருக்கு ஒரு தண்ணீர் புகாத பூட்ஸ்

பெண் பார்க்கப் போன இடத்தில் என் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்கள்.

இதற்காகவா பினாங்கிலிருந்து கப்பல் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன்? அங்கே துறைமுகக் கிட்டங்கியில் எனக்குக் குமாஸ்தா வேலை. பிறந்ததும் அங்கேதான். முப்பதை எட்டப் போகிறேன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அம்மா செபமாலையோடு சேர்த்து என்னையும் தினமும் உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்பா ஊர்ப் பக்கம் போயி ஒரு நல்ல பிள்ளையாப் பார்த்துக் கட்டிக்கிட்டு வா" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். புதுக்கோட்டைச் சீமையில் எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அத்தை மகன் சூசை அத்தான். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெண்ணைப் பார்த்து வைத்திருந்ததும் அவர்தான். அதே பள்ளிக்கூடத்து டீச்சர். பெயர் புஷ்பம்.

போனோம், உட்கார்ந்தோம், காப்பி வந்தது, புஷ்பம் வந்தாள். எனக்குப் பிடித்துப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு நிற்கவில்லை அவள். நேராகப் பார்த்து, "பினாங்குல பள்ளிக்கூடமெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டாள். நான் உளறிக்கொட்டியதை இப்போது எழுத வேண்டாம்.

ஆனால் எதிரே பெண்ணின் தாய்மாமன் லாசர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தகப்பன் இல்லாத பெண். மாமன் சொல்தான் அந்த வீட்டில் முடிவு. இறுகிய கட்டை உடம்பு, நரைத்த முறுக்கு மீசை. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு செவலை என்ற வேட்டைநாய் என்னை அலட்சியமாகப் பார்த்தது. வாசலில் நான் கழற்றி வைத்த சப்பாத்தையும், பாயில் இருந்த என் வெளுத்த பாதங்களையும் லாசர் மாமா மாறி மாறிப் பார்த்தார்.

"பினாங்குத் தம்பி வெறுங்கால்ல நடந்ததே இல்லையோ?"

"அங்க எல்லாம் தார் ரோடு மாமா."

"அதான் ஒரு வெடிப்புக்கூட இல்ல. பச்சப்புள்ள காலால்ல இருக்கு!"

வீடே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "பொண்ணைக் கட்டப்போறது நானா, என் காலா மாமா?" என்று கேட்டேவிட்டேன். சூசை அத்தான் என் தொடையில் கிள்ளிய தடம் இரண்டு நாள் இருந்தது.

லாசர் மாமா கோபப்படவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "விபூதிப் புதனுக்கு முந்தின திங்கக்கெழம எங்க ஊருக்குக் கடைசி வேட்டை. பொறவு தபசு காலம், பாஸ்கு வரைக்கும் கறி கெடையாது. தம்பி எங்களோட வரட்டும். முந்திரிக்காடு, கருவேலங்காடெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு, நடந்த காலோட கோயில் வாசல்ல வந்து நிக்கட்டும். அப்பறம் பேசுவோம்."

வெளியே வந்ததும் வெடித்தேன். "என்ன அத்தான் இது, மாடு வாங்குற மாதிரி காலைப் பார்க்கிறாரு மனுஷன்?"

சூசை அத்தான் என் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்துப் போனார். பிறகு சொன்னார்: "புஷ்பத்தோட அப்பா பர்மாவுல இருந்தவர்டா. ஜப்பான்காரன் சண்டை வந்தப்ப எல்லாரையும் போல ஊருக்கு நடந்தே கெளம்பினார். கூட நடந்தவங்க வந்து சேந்தாங்க. கால் புண்ணாகி, இனி முடியலைன்னு அவர் வழியில உக்காந்துட்டாராம். அம்புட்டுத்தான் சேதி. அதுலேர்ந்து கடல் தாண்டிப் போறவன் யாரா இருந்தாலும் லாசர் மாமா மொதல்ல காலைத்தான் பார்ப்பார்."

சரி, நடந்து காட்டிவிடுவோம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்த கையோடு கல்யாணம், அடுத்த கப்பலில் இரண்டு பேரும் பினாங்கு. அதற்கு நடுவே நின்றது ஒரு வேட்டை மட்டும்தான். வேட்டைக்கு வேண்டியது நல்ல பூட்ஸ்.

வேட்டை என்றால் எனக்குத் தெரிந்தது மலாயாக் காட்டுப் பன்றி வேட்டை. எஸ்டேட் சிநேகிதர்களோடு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மழை, சேறு, அட்டை, மறுபடியும் மழை. முதல் ஓடையிலேயே பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நனைந்த தோலுக்குள் நாளெல்லாம் நடந்து, கால் முழுக்கக் கொப்புளம். ஒரு வாரம் கிட்டங்கிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அன்றைக்குக் கற்ற பாடம்: வேட்டை பூட்ஸில் தண்ணீர் புகக் கூடாது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இதைச் சூசை அத்தானிடம் சொன்னேன். மனுஷன் வேட்டியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அடேய், மழை பேஞ்சு எத்தனை மாசமாச்சு தெரியுமா? குளிக்கவே இங்க அரை வாளி. இந்த ஊர்ல பூட்ஸுக்குள்ள தண்ணி போகணும்னா நீதான் மொண்டு ஊத்திக்கணும்."

"ஒங்களுக்கு வேட்டை தெரியாது அத்தான்" என்றேன். பிடித்தால் விடமாட்டேன், அது என் சுபாவம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் கண்ணைச் சிமிட்டினார். "டீச்சரம்மா ஒனக்கு ஒரு சேதி சொல்லிவிட்டுருக்காக. பூட்ஸு வாங்கினா காலையில போயி வாங்கக் கூடாதாம். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், அப்பத்தான் போட்டுப் பார்க்கணுமாம். அதுவும் ஒரு சைஸு பெருசா வாங்கி, உள்ள தடியா காலுறை போட்டுக்கணுமாம்."

புஷ்பம் ட்ரெயினிங் படித்த காலத்தில் தினமும் வெகுதூரம் நடந்து போய் வந்தவளாம். சேதி பூட்ஸைப் பற்றித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் கேப்பைக்கூழும் நெத்திலிக் கருவாடும் எனக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி இறங்கின. மணமேல்குடிக் கருவாடு. பினாங்கில் எத்தனை கடலைப் பார்த்திருக்கிறேன், இந்தச் சுவை அங்கே வராது.

மூன்றாம் நாள் புதுக்கோட்டை. நேர்நேராகக் கோடு போட்டதுபோல வீதிகள். தொலைந்து போகவே முடியாது. பினாங்கில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் நாலு பாஷை காதில் விழும். இங்கே எல்லோரும் தமிழ், ஆனால் நான் வாயைத் திறந்தால் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் ஒரு ராவுத்தர் கடையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டேன். அப்படியொரு பாயா! இரண்டாவது கிண்ணம் கேட்டபோது பரிமாறியவர், "ஊருக்குப் போயி ஆட்டைப் பத்தி நல்லபடியாச் சொல்லுங்க" என்றார். வெயில் தாழும்வரை ஊரைச் சுற்றிக் காலை நன்றாக வீங்க வைத்துக்கொண்டு கீழ ராஜ வீதியில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பாய்க்கு ஊதாநிறத் தொப்பி, சாந்தமான முகம்.

"வேட்டைக்குப் பூட்ஸ் வேணும்."

"புலிங்களா?"

"முயல்."

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மொசலுக்கா?"

"தண்ணி உள்ள போகக் கூடாது."

"எந்தப் பக்கம் வேட்டை தம்பி?" சொன்னேன். "அங்கிட்டு இப்ப கம்மாய்க்குள்ள மாட்டுவண்டி ஓடுதே. தண்ணி எங்கிட்டிருந்து உள்ள போகும்?"

"அது என் கவலை பாய். நீங்க எடுங்க."

முதலில் எடுத்தது சமஸ்தானத்துப் பட்டாளம் கலைந்தபோது கடைக்கு வந்த சிப்பாய் பூட்ஸ். அடியில் ஆணியும் லாடமும். போட்டு இரண்டு எட்டு வைத்தேன். கடை முழுக்க டக்டக்கென்றது. தண்ணீர் தாங்குமா என்று கேட்டதற்குப் பாய், "மைசூர் வரைக்கும் போய்ட்டு வந்த பூட்ஸு" என்றார். பதில் அதுவல்லவே! வீதி முனையில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு ஒரு கல்தொட்டி இருந்தது. நேரே போய் அதற்குள் இறங்கி நின்றேன்.

"யோவ்! குதிர குடிக்கிற தண்ணியா!" என்று ஜட்காக்காரர் ஓடி வந்தார். குதிரைக்கு ஆட்சேபணை இல்லை, என் தோளை முகர்ந்து பார்த்தது. அதற்குள் கூட்டம். "யாருப்பா அது?" "மலாயாக்காரராம், காலை ஊற வைக்கிறாராம்." "வேண்டுதலையோ என்னமோ!" ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்குள் தையல் வழியாக உள்ளே ஜில்லென்றது. சிப்பாய் பூட்ஸ் தோற்றது.

அடுத்தது முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். தொட்டியில் நின்றேன், ஒரு சொட்டுப் புகவில்லை. கூட்டம் கைதட்டியது. ஆனால் வெளியே வந்து வீதியில் ஒரு நடை நடந்தால் உள்ளே கால் வெந்துபோயிற்று. குதிங்கால் மேலும் கீழும் வழுக்கி, எட்டுக்கு எட்டு 'சளக் சளக்' என்றது. "மொசலு ஒரு மைலுக்கு அங்கிட்டே கேட்டுட்டு ஓடிரும்" என்றார் ஜட்காக்காரர். அவரும் இதற்குள் என் கட்சிக்கு வந்துவிட்டார். தொட்டிக்குப் புதுத் தண்ணீரே ஊற்றி வைத்தார்.

கடைசியில் பாய் பரணில் ஏறி ஒரு ஜோடியை இறக்கினார். யாரோ வெள்ளைக்கார என்ஜினீயர் விட்டுப் போனதாம். எண்ணெய் ஊறிக் கறுத்த தோல், கெண்டைக்கால் வரை உயரம். கயிறு கட்டுகிற இடத்தில் உள்ளிருக்கும் தோல் நாக்கு தனியாகத் தொங்கவில்லை. இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருந்தது. தண்ணீர் புக வழியே இல்லை. எனக்கு அப்படியே அள்ளிக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு சைஸ் பெரிது. பாய்க்கு முகம் விழுந்துவிட்டது.

"பெருசாத்தான் வேணும் பாய்!" என்று நான் கத்திய கத்தலில் அடுத்த கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

தடிக் காலுறை இரண்டு ஜோடி போட்டு மாட்டினேன். விரல்களை உள்ளே ஆட்ட முடிந்தது. குதிங்கால் தூக்கவில்லை. மாடிப்படி ஏறி இறங்கினேன். சுவரில் எட்டி உதைத்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், கணுக்காலில் எங்கேயும் கடிக்கவில்லை. தொட்டியில் நின்றேன். ஜட்காக்காரர் பீடி ஒன்றை முழுசாகப் பிடித்து முடித்தார். கழற்றிக் காலுறையைத் தடவினால் சுக்காய்க் காய்ந்திருந்தது. "தண்ணி புகலய்யா!" என்று அவரே வீதிக்கு அறிவித்தார். விலையை இங்கே எழுத மாட்டேன், அம்மா படிப்பாள்.

கடைசி பஸ்ஸில் பூட்ஸைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஏறினேன். பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா. "போலீசுங்களா?" என்றாள். இல்லையென்றேன். "அப்ப எதுக்குச் சாமி இம்புட்டுக் கனத்தைக் கழுத்துல போட்டுருக்கீங்க?" கல்யாணத்துக்காக என்றேன். அவள் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் பஸ் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. "எறங்குங்க, எறங்குங்க, வண்டிக்குத் தாகம்" என்றார் கண்டக்டர். டப்பாவை எடுத்துக்கொண்டு டிரைவர் தண்ணீர் தேடிப் போனவர் போனவர்தான். பொட்டலில் ஒரு குட்டை இல்லை, ஒரு குழாய் இல்லை. நாங்கள் ரோட்டோரமாக உட்கார்ந்து, யாரோ வைத்திருந்த முந்திரிப்பழத்தைப் பங்கு போட்டுத் தின்றோம். தொண்டை கரகரத்தது, ஆனாலும் ருசி. பினாங்கு டிராலி பஸ்ஸில் பக்கத்து ஆளின் பெயர்கூடத் தெரியாது. இங்கே டிரைவர் திரும்பி வருவதற்குள் என் பூட்ஸை பஸ்ஸே போட்டுப் பார்த்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்தது. ஊருக்கு வெளியே சிலுவை நட்ட குருசடியில் மெழுகுதிரி ஏற்றி, ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இருபது முப்பது ஆம்பிளைகள், கையில் கம்பு, தோளில் வலை, காலைச் சுற்றி நாய்கள். அத்தனை பேரும் வெறுங்கால். நான் மட்டும் கெண்டைக்கால் வரை கறுத்த தோல்.

வலைக்குச் சொந்தக்காரர் சவரி அண்ணன் என் காலைச் சுற்றி ஒரு பிரதட்சிணமே வந்தார். "என்னங்க, மழை வருதுன்னு ரேடியோவுல சொல்லிட்டாகளா?"

"தண்ணி புகாதாம்ல" என்றார் இன்னொருவர்.

"அட, தண்ணி இருக்குற எடத்தை எங்களுக்கும் காட்டுங்களேன், குளிச்சு நாளாச்சு!"

லாசர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வாங்க தம்பி" என்று முன்னால் நடந்தார்.

வேட்டை முறை எளிது. காட்டின் ஒரு ஓரமாகப் புதருக்குப் புதர் வலையைக் கட்டிவிடுவது. மறு ஓரத்திலிருந்து எல்லோரும் கம்பால் தட்டிக்கொண்டு, "ஓய் ஓய்" என்று கத்திக்கொண்டு வருவது. முயல் பதறி ஓடி வலையில் விழும். தப்பியதை நாய் பிடிக்கும். நடக்கும்போதே சவரி அண்ணன் பங்கு முறையையும் சொல்லிக்கொடுத்தார். வந்த ஆளுக்கெல்லாம் ஒரே பங்கு. நாய்க்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. வழியில் சும்மா போகிறவன் வேட்டையைப் பார்த்து நின்றுவிட்டாலும் அவனுக்கும் பங்கு உண்டு. "போன வருசம் பஸ்ஸை நிப்பாட்டி வேடிக்க பாத்த கண்டக்டருக்கே குடுத்தமுங்க" என்றார். எனக்கு அந்த ஊரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

பூட்ஸ் சும்மா சொல்லக் கூடாது, ராஜநடை நடந்தது. கருவேல முள், நெருஞ்சி, கள்ளி, எதையும் லட்சியம் செய்யவில்லை. முதல் வலையில் மூன்று முயல். இரண்டாவது காட்டில் இன்னும் மூன்றும் இரண்டு கவுதாரியும். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு முயல் என் பூட்ஸின் மேலேயே ஏறித் தாண்டி ஓடியது; பிடிக்க விழுந்து மண்ணைக் கவ்வினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக லாசர் மாமா சிரித்துப் பார்த்தேன்.

உச்சிவெயில் ஏறியபோதுதான் விபரீதம் வந்தது. தண்ணீருக்குக் கொண்டுவந்த சுரைக்குடுக்கை இரண்டு. ஒன்று காலி. இன்னொன்றைத் தோளில் போட்டிருந்தவர் வரப்பு தடுக்கி விழ, அது சுக்குநூறு. சரி, திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழட்டு முயல் கிளம்பிவிட்டது. செவலை பாய்ந்தது. பொட்டலைத் தாண்டி, முந்திரிக்காட்டைச் சுற்றி, மறுபடியும் பொட்டல். கடைசியில் வாயில் முயலோடு வந்து, மாமா காலடியில் அதைப் போட்டுவிட்டு, அப்படியே சாய்ந்தது. நாக்கு வெளுத்துவிட்டது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் சொருகியது.

"செவல! ஏலே செவல! எந்திரிடா!" லாசர் மாமாவின் குரல் உடைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு இப்படியொரு குரல் உண்டா என்று எனக்குப் பகீரென்றது. அவர் நாயை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "தண்ணி... ஒரு வாய்த் தண்ணி..." என்று சுற்றுமுற்றும் பார்த்தார். வழியில் உட்கார்ந்துவிட்ட இன்னொருவரை அவர் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எனக்கு நினைவு வந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு மொட்டைக் கிணறு இருந்தது. ஓடினோம். சுவர் இல்லை, படி இல்லை, வாளி இல்லை. ஆழத்தில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். சவரி அண்ணன் துண்டை வலைக்கயிற்றில் கட்டி இறக்கி நனைத்து இழுத்தார். மேலே வருவதற்குள் முக்கால்வாசி ஒழுகி, மிச்சத்தைப் புதர் குடித்துவிட்டது. பிழிந்ததில் நாலு சொட்டு. மறுபடியும் இறக்கினார். மறுபடியும் நாலு சொட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கூப்பிடும் சேசு மரி சூசையே! தண்ணீர் உள்ளே புகாத பூட்ஸிலிருந்து தண்ணீர் வெளியே மட்டும் எப்படிப் போகும்?

உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லை, பிய்த்துக்கொண்டு கழற்றினேன். பின்பக்கத்து வாரில் வலைக்கயிற்றைக் கட்டி, மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு இறக்கினேன். 'களக்' என்று முங்கியது. இழுத்தேன். வெயிலில் பளபளவென்று, விளிம்பு தளும்ப, ஒரு சொட்டு ஒழுகாமல் மேலே வந்தது என் பூட்ஸ். ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் கூத்துப் பார்ப்பவர்கள் மாதிரி ஆரவாரம் போட்டார்கள்.

முதல் பூட்ஸை நாயின் தலையிலும் வயிற்றிலும் ஊற்றினார் மாமா. இரண்டாவது பூட்ஸை வாயருகே பிடித்தேன். முதலில் நாக்கு மட்டும் அசைந்தது. பிறகு 'சளப்' என்று ஒரு சத்தம். பிறகு தலையையே உள்ளே விட்டுக் குடித்தது செவலை. நான் அழுதுவிட்டேன். ஏன் மறைக்க வேண்டும்? சவரி அண்ணனும்தான் அழுதார். மறுபடி இறைத்து ஆளாளுக்கு முகம் கழுவிக்கொண்டார்கள். குடிப்பதற்கு மட்டும் யாருக்கும் துணிச்சல் இல்லை. "வாடை கொஞ்சம் தூக்கலா இருக்குங்க" என்று மரியாதையாகச் சொன்னார் ஒருவர்.

நாய் பிழைத்துவிட்டது, ஆனால் நடக்காது. மாமா அதைத் தோளில் போட்டுக்கொண்டார். வழியில் அதற்கு அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். வேறு பாத்திரம் ஏது? இரண்டு பூட்ஸையும் நிரப்பி, ஒரு கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுக் காவடி மாதிரி என் தோளில் வைத்துக்கொண்டேன். "தம்பி, காலு..." என்றார் மாமா. "நடங்க மாமா" என்றேன்.

அந்த நடையை என் ஜென்மத்தில் மறக்க மாட்டேன். தடிக் காலுறை முதல் பொட்டலிலேயே கந்தல். மணல் அடுப்பாகச் சுட்டது. நெருஞ்சி ஒன்றையும் விடாமல் என்னைத் தேடி வந்து குத்தியது. "ஐயோ ஆத்தா" என்று கத்தினால் தண்ணீர் தளும்பும்; அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். யாரோ காவடிச் சிந்து எடுத்துவிட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கிறிஸ்துவ வேதக்காரர் ஊரில் காவடியா என்று யாரும் கேட்கவில்லை. மரத்துக்கு மரம் நின்று செவலை பூட்ஸில் குடித்தது. நான் நொண்டிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே நொண்டினேன்.

கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. படியில் விழுந்தேன். லாசர் மாமா நாயை இறக்கிவிட்டு, என் எதிரே தரையில் உட்கார்ந்து, என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் பதறி இழுத்தேன். பிடி விடவில்லை. பாஸ்குக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை கோயிலில் சாமியார் ஊராரின் கால் கழுவுகிற மாதிரி, மனுஷன் ஊர் பார்க்க ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். வெடிப்பு, கொப்புளம், ரத்தம், மண், எல்லாவற்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எழுந்து பங்கு போடப் போய்விட்டார்.

பூவரசு இலைகளை வரிசையாகப் பரப்பிக் கறியைக் கூறு போட்டார்கள். மாமா பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எடுத்துப் போனார்கள். "சவரிக்கு." "வலைக்கு." "வாத்தியாருக்கு." சூசை அத்தான் வேட்டைக்கே வரவில்லை, வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததற்கு ஒரு கூறு! "செவலைக்கு." அதற்கு ஒரு கைதட்டல். பிறகு மாமா கொஞ்சம் நிறுத்தி, மீசையை ஒதுக்கிக்கொண்டு கூப்பிட்டார்: "பூட்ஸுக்கு ஒரு பங்கு!"

கோயில் வாசலே அதிர்ந்தது. சவரி அண்ணன் அந்தப் பங்கைக் கொண்டுவந்து என் பூட்ஸின் மேல் பயபக்தியோடு வைத்தார். நானும் சிரித்தபடி என் பெயருக்குக் காத்திருந்தேன். கடைசிக் கூறும் போயிற்று. மாமா கையை உதறிக்கொண்டு எழுந்தார். இலை எதுவும் மிச்சமில்லை.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அத்தனை முள்ளும் இப்போதுதான் ஒன்றாகக் குத்தியது. எழுந்து நின்றேன். "மாமா! ரோட்டுல போன கண்டக்டருக்குப் பங்கு உண்டு. ஊரை விட்டு நகராத வாத்தியாருக்கு உண்டு. என் பூட்ஸுக்கே உண்டு. எனக்கு இல்லையா? பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க, நான் கப்பலைப் பார்த்துப் போறேன்!"

லாசர் மாமா திரும்பினார். கண் கலங்கியிருந்தது, மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

"வீட்டு மாப்பிள்ளைக்கு யாராச்சும் கூறு போட்டுக் குடுப்பாகளா? எலை போட்டுல்ல சோறு போடணும். வாங்க மாப்ள, எந்தங்கச்சி ஒல வச்சுட்டா."

அடுத்த கணம் யார் என்னைத் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. சூசை அத்தான் மட்டும், "காலு பத்திரம், காலு பத்திரம்" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே புஷ்பத்தின் வீட்டில் தலைவாழை இலை. காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, பலகையில் நீட்டி உட்கார வைத்திருந்தார்கள். முயல்கறியில் பச்சை முந்திரிப்பருப்பு போட்டிருந்தது. அந்த வாசனைக்கே பினாங்கை எழுதி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை வாசித்துவிடலாம், சாமியாரிடம் பேசியாயிற்று என்று மாமா கூடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் என் பூட்ஸ் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செவலை அதன்மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு தூங்கியது.

புஷ்பத்தின் அம்மா வேண்டுமென்றே குழம்புச் சட்டியை மகளின் கையில் கொடுத்து அனுப்பினாள். அவள் குனிந்து ஒரு கரண்டி ஊற்றினாள். என் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாந்தானேங்க ஒரு சைஸு பெருசா வாங்கச் சொன்னேன்? அதனாலதான் அம்புட்டுத் தண்ணி பிடிச்சிருக்கு."

ஆமாம் என்று சொல்ல வாயில் இடமில்லை. இலையைக் காட்டி இன்னொரு கரண்டி கேட்டேன்.